உங்களுக்குத் தெரியுமா? ஆய்வுத்தாளும் ஆரம்ப சுகாதார நிலையமும்

ஒரு மருத்துவ ஆய்வு முடிந்தால் மறுநாளே அரசாணை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பு வேறு. ஆண்டுகள் உருளும், அமைச்சர் மாறுவார், பணம் இருக்காது, சில நேரம் மருத்துவர்களே நம்பமாட்டார்கள். அதையும் மீறிச் சில ஆய்வுகள் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. வந்து சேர்ந்தவை, வழியில் நின்றவை, வராமலிருந்ததே நல்லது என்று ஆனவை எனக் கொஞ்சம் பொறுக்கித் தருகிறோம்.

● புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-லேயே எழுதிவிட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அதை ஒப்புக்கொண்டது 1954 பிப்ரவரியில். சுகாதார அமைச்சர் இயன் மக்லியோட் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார். அறிவித்து முடிக்கும் வரை அவர் கையில் சிகரெட் அணையவே இல்லை! தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தை அந்த நாடு நிறுத்த மேலும் 11 ஆண்டுகள் ஆயின. நம் நாட்டில் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-ல் வந்தது. பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 காந்தி ஜெயந்தி அன்றுதான் இறுக்கமாக அமலுக்கு வந்தது. அப்போது மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். டால், ஹில் கட்டுரையிலிருந்து கணக்குப் போட்டால் 58 ஆண்டுகள்.

● ஆய்வில் கண்டதில் வெறும் 14 சதவீதம் நோயாளியைப் போய்ச் சேர 17 ஆண்டுகள் பிடிக்கின்றன என்று பாலாஸ், போரன் என்ற இருவர் 2000-ல் கணக்கிட்டார்கள். அன்றிலிருந்து சுகாதாரக் கருத்தரங்குகளில் இந்த 17-ஐச் சொல்லாத பேச்சாளர் இல்லை. 17 என்பது சராசரிதான். கீழே வருபவற்றில் சில அதைவிட வேகம், சில படுமோசம்.

● கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்தால், முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குறைபாட்டில் 72 சதவீதத்தைத் தடுக்கலாம் என்று நிரூபித்தது லண்டனிலிருந்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு. ஆண்டு 1991. அமெரிக்கா 1998-ல் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. ஆய்வை நடத்திய பிரிட்டன்? 2024-ல் சட்டம் போட்டு, 2026 டிசம்பர் வரை ஆலைகளுக்கு அவகாசம் கொடுத்தது. அண்டை வீட்டுக்காரர் சமைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு நாம் அடுப்பு பற்றவைத்த கதை.

● கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் நல்லது என்று மேற்கத்திய நாடுகளில் ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். கோடிக்கணக்கில் விற்ற டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் பிற்பாதியிலிருந்து அதையே சொன்னது. வாந்தி எடுத்தால் மூச்சடைக்காது என்பது காரணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்தன.

2005-ல் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகள் அனைத்தையும் அடுக்கிப் பார்த்தார்கள். குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான ஆதாரம் 1970-லேயே இருந்திருக்கிறது. யாரும் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ‘மல்லாக்கப் படுக்கவையுங்கள்’ என்ற பிரசாரம் பிரிட்டனில் தொடங்கியது 1991-ல். இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளையும் சேர்த்தால் குறைந்தது 50,000 குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதினார்கள். புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. நூலகத்தில் கிடந்த தாள்களை ஒரு மேசையில் பரப்பியிருந்தால் போதும். நம் பாட்டிமார் சேலைத் தூளியில் போட்டு ஆட்டியதால் குழந்தை தானாகவே மல்லாந்து கிடந்தது. அந்த மேற்கத்திய யோசனை இங்கே எடுபடாமல் போனதில் வருத்தமில்லை.

● காக்ரேன் என்ற உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வட்டத்துக்குள் ஒரு செங்குத்துக் கோடு, அதைச் சுற்றிச் சில படுக்கைக் கோடுகள், கீழே சின்ன வைரம். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படுக்கைக் கோடும் ஓர் ஆய்வு. குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட்டு உயிர் பிழைக்கும் என்று காட்டிய ஆய்வுகள் அவை. ஆட்டுக்குட்டிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தவர் நியூசிலாந்தின் கிரஹாம் லிகின்ஸ். ராஸ் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் செய்த ஆய்வு 1972-ல் வெளியானது. அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு கூடி ‘எல்லாருக்கும் கொடுங்கள்’ என்றது 1994-ல். இந்தத் தாமதத்தைத்தான் சின்னமாக வரைந்து மாட்டிக்கொண்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால், தாமதம் செய்தவர்களெல்லாம் வில்லன்கள் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். அதே ஊசியை ஏழை நாடுகளின் கிராமங்களில் பரவலாகப் போட்டுப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும் அதில் இருந்தன. பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை. மொத்தக் குழந்தை இறப்பும் தாய்க்கு வரும் தொற்றும் கூடியிருந்தன! கர்ப்பம் எத்தனை வாரம் என்பதைத் துல்லியமாகக் கணிக்க முடியாத இடம், பிறந்த குழந்தையைப் பராமரிக்க வசதி இல்லாத இடம் – அங்கே ஊசி மட்டும் போய் என்ன செய்யும்? அதன்பின் வசதியுள்ள மருத்துவமனைகளில், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் மறுபடி சோதித்தது. 2020-ல் வந்த முடிவு: பலன் உண்டு. ஊசி அதேதான். மாறியது சுற்றியிருந்த ஆஸ்பத்திரி.

● சென்னை மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ தெரியாமல் இருக்காது. காசநோய் மருத்துவமனையின் பெயரே நிலையத்துக்கும் நின்றுவிட்டது. அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான்: ஊருக்கு வெளியே மரங்கள், காற்றோட்டமான வார்டு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. 1950களில் மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில ஆயிரம். மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா, அனுப்பினால் பிள்ளைகளுக்குத் தொற்றாதா என்ற கேள்விக்கு உலகில் எவரிடமும் பதில் இல்லை.

பதில் தேட 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்தன. தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழைகளில் காசநோய் கண்ட 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஓராண்டு.

வீட்டுக்குப் போனவர்கள் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்தார்கள், அரைவயிறு சாப்பிட்டார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போனார்கள். மையத்து ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மீதி மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரை வாங்கிப்போய், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதிப்பார்கள். ‘சாப்பிட்டேன் சார்’ என்ற வாய்வார்த்தை செல்லாது.

முடிவு 1959-ல் வெளியானது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் 86 பேருக்கு. அடுத்து ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் இந்தச் சின்ன இடைவெளியும் மறைந்துபோனது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றியதா? இல்லை. நோயாளி மாத்திரை தொடங்கும் முன்பே பரவ வேண்டியது பரவிவிட்டிருந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சேத்துப்பட்டு ஆய்வு ஒரு பெரிய காரணம். 1962-ல் இந்தியா தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாக வைத்தது. மூன்றே ஆண்டுகளில் ஆய்வு திட்டமானது! 17-ஐப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் வேகத்துக்குக் காரணம் ஒன்றுதான்: கேள்வியைக் கேட்டதே அரசு. ஆராய்ச்சியாளர் தனக்குத் தோன்றியதை ஆராய்ந்துவிட்டு, பிறகு அரசின் கதவைத் தட்டவில்லை.

அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இடம் அதே சேத்துப்பட்டு.

● திட்டம் வந்தாலும் நோயாளிகள் வரவேண்டுமே? ‘கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். (இன்றும் சொல்கிறார்கள்.) பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் கிராமங்களுக்கே போய், எக்ஸ்ரேயில் காசநோய் தெரிந்தவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். 1963-ல் எழுதிய முடிவு பலருக்குச் சங்கடமாக இருந்தது. கிட்டத்தட்ட எல்லாருக்கும் தமக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே மருத்துவரைத் தேடிப் போயும் இருந்தார்கள். பலருக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து! விழிப்புணர்வு தேவைப்பட்டது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கா, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கா?

● இன்னொரு விசித்திரம். காசநோய் மாத்திரையைத் தினமும் கொடுக்காமல், வாரத்தில் சில நாள் மட்டும் ஊழியர் கண்ணெதிரே கொடுக்கலாம் என்ற யோசனைக்கு வித்திட்டவற்றில் சென்னையில் 1960களில் நடந்த ஆய்வு முக்கியமானது. அது உலகம் சுற்றி வந்து, வாரம் மூன்று நாள் முறையாக இந்தியா முழுக்க நிலைத்தது. பின்னர் வந்த ஆய்வுகள் தினசரி மருந்தே மேல் என்றன. உலக சுகாதார நிறுவனமும் 2010-ல் அதையே சொன்னது. நம் திட்டம் நகரவில்லை. கடைசியில் ஒருவர் பொதுநல வழக்குப் போட, 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே தினசரி மாத்திரை எல்லாருக்கும் வந்தது. ஒருமுறை ஆய்வைக் கேட்டு மாறிய திட்டம், அடுத்த ஆய்வுக்குச் செவி கொடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

● குழந்தை பிறந்ததும் இடது தோளில் போடும் பிசிஜி ஊசி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில்லை. இதை உலகுக்குச் சொன்னது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம் நடந்த மாபெரும் ஆய்வு. 1968-ல் தொடங்கி, சுமார் 3.6 லட்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு, சிலருக்கு பிசிஜியும் சிலருக்கு ஒப்புக்கு ஊசியும் போட்டுப் பின்தொடர்ந்தார்கள். 1979-ல் வந்த விடை ஏறக்குறையப் பூஜ்யம். பதினைந்து ஆண்டுகள் பார்த்தும் அதேதான். பிறகு ஏன் இன்னும் போடுகிறார்கள்? சின்னக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வடிவிலும் உடல் முழுக்கப் பரவியும் தாக்கும் கொடிய காசநோயை அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆதாரங்கள் உண்டு. அதனால் போட்டே ஆகவேண்டும். தழும்பு இருக்கிறது, எனக்குக் காசநோய் வராது என்று வாலிப வயதில் நினைப்பதுதான் தப்பு.

● இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை ஊருக்கு ஊர் சாதாரணம். 1956-ல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, நடுப் பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்டவர்களின் கழலை சரசரவெனக் குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்துவிட்டது.

ஆனால் உப்பு அரசியலும் பேசும். அயோடின் இல்லாத உப்பை விற்கக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு தடை போட்டது, 2000-ல் நீக்கியது, 2006-ல் மறுபடி கொண்டுவந்தது. இத்தனைக்கும் நடுவே ஒரு தகவல்: 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. சுமார் 62 சதவீதம்தான். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று நாட்டுக்கே உப்பு விளைவிக்கும் மாநிலம் இது! சாம்பாருக்குக் கல் உப்பு போட்டால்தான் ருசி என்று நம்புகிற வீடுகள் இங்கு ஏராளம். ருசி இருக்கட்டும்; கல் உப்பிலும் அயோடின் கலந்தது கடையில் கிடைக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

● 1971. வங்கதேசப் போரின் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்த பங்காவ்ன் முகாமில் காலரா. மருத்துவமனையின் இரண்டு அறைகளிலும் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், டாக்காவிலும் கொல்கத்தாவிலும் ஆய்வு அளவில் நிரூபணமாகியிருந்த ஒன்றைத் துணிந்து களத்தில் இறக்கினார்: நரம்பில் ஏற்றுவதற்குப் பதில் வாயில் குடிக்கவைப்பது.

லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கொல்கத்தாவில் ஓர் அறையில் உட்கார்ந்து எடைபோட்டு, பிளாஸ்டிக் பையில் கொட்டி, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் பையின் வாயை ஒட்டினார்கள். முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். குவளையில் பிடித்துப் புகட்டியது நர்ஸ் அல்ல. தாயும் தங்கையும் அண்ணனும்தான். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, கரைசல் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது.

பயிற்சி இல்லாத சொந்தக்காரர்கள் கையில் மருத்துவத்தைக் கொடுப்பதா என்று அப்போது முகம் சுளித்த நிபுணர்கள் குறைவில்லை. 1970களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனமே அதைக் கையிலெடுத்தது. மகாலனாபிஸுக்கு பத்ம விபூஷண் கிடைத்தது 2023-ல். அவர் இறந்த பிறகு.

இதன் அடுத்த அத்தியாயம் வங்கதேசத்தில். 1980-லிருந்து பத்தாண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைப்படி போல ஓர் அளவுத் தண்ணீர். சம்பளம் எத்தனை வீடு போனீர்கள் என்பதற்கு இல்லை! பிற்பாடு இன்னொருவர் போய் அந்தத் தாயிடம் கேட்பார். அவருக்கு எத்தனை அம்சங்கள் நினைவிருக்கின்றனவோ அதற்கேற்ப ஊழியருக்குப் பணம். அப்படியும் முதலில் கரைசலைப் பயன்படுத்தியவர்கள் சொற்பம். ஏன் என்று துருவியபோது, சொல்லிக்கொடுத்த ஊழியர்களே தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதைக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. அவர்களை டாக்கா ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் எப்படி வேலை செய்கிறது என்று காட்டிய பிறகே விஷயம் பிடித்தது. பயிற்சிக் கூட்டம் நடத்திக் கையெழுத்து வாங்கி முடித்துக்கொள்ளும் துறைகள் இந்த ஒரு பத்தியைச் சுவரில் ஒட்டலாம்.

● கடையில் ‘ஓஆர்எஸ்’ என்று பெரிதாகப் போட்டு விற்ற சர்க்கரை பானங்களில் பல, உண்மையான ஓஆர்எஸ் அல்ல. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சொல்லைப் பானங்களின் பெயரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் பாக்கெட்டே அசல். கூடவே தரும் துத்தநாக மாத்திரையை வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 14 நாள் வரை கொடுக்க வேண்டும் என்பது 2004-லிருந்தே பரிந்துரை. அதைப் பாதியில் நிறுத்துகிற வீடுகளே அதிகம்.

● இலங்கையில் 1963-ல் நாடு முழுக்க மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். ஒழிந்துவிட்டது என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். 1968-69-ல் ஐந்து லட்சத்துக்கு மேல்! அடுத்த முறை கவனமாக இருந்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012-ல். அப்போதும் ஓயாமல் தேடிக்கொண்டே இருந்து 2016-ல் ‘மலேரியா அற்ற நாடு’ சான்றிதழ் வாங்கினார்கள்.

● அதே இலங்கையில் 1995-ல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்று உச்சத்தில் நின்றது. மிகக் கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் என்று மருத்துவமனைக் கணக்குகள் காட்டின. அவற்றை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றினார்கள். 2005-ல் 24. விளைச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. மன நெருக்கடி ஒரு கணத்தில் வருவது. அந்தக் கணத்தில் கொடிய நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால் மனிதர் பிழைத்துவிடுகிறார் என்பதற்கு உலகம் காட்டும் முதல் உதாரணம் இன்று இலங்கைதான்.

● சொட்டு மருந்து மூன்று தடவை கொடுத்தால் போலியோ வராது என்று பாடப்புத்தகம் சொன்னது. 1970களில் வேலூர் சிஎம்சி மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இங்கே அது போதாது என்றார். அமெரிக்கக் குழந்தைக்கு மூன்று போதும். வயிற்றில் வேறு கிருமிகள் குடியிருக்கும் நம் குழந்தைக்கு இன்னும் பல தவணை வேண்டும். பல ஆண்டுகள் இது காதில் ஏறவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணை சொட்டு மருந்து முதல் வகை வைரஸுக்கு எதிராகத் தரும் பாதுகாப்பு வெறும் 9 சதவீதம் என்று 2006-ல் ஒரு கணக்கு வந்தது. அதற்குள் ஒற்றை வகை மருந்து வந்திருந்தது. 2010-ல் இரட்டை வகை மருந்தும் வந்தது. இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் சான்றிதழ்.

● திண்டுக்கல் மாவட்டத்துக்கு உலகப் புற்றுநோய் வரலாற்றில் இரண்டு முறை இடம் உண்டு.

முதலாவது, வினிகர். கர்ப்பப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்க்கலாம். கண்டால் அன்றைக்கே உறைநிலைச் சிகிச்சையும் கொடுத்துவிடலாம். அம்பிளிக்கை சமூக மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மூன்றும் சேர்ந்து மாவட்டத்துக் கிராமங்களில் இதைச் சோதித்தன. முடிவு 2007-ல்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் பார்த்துவிட்டு, மாநிலம் முழுக்க விரித்தது. 2016-ல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையிலும் இடம்பெற்றது. சரி, எத்தனை பெண்கள் செய்துகொண்டார்கள்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியா 1.9 சதவீதம். தமிழ்நாடு 9.8. நாம் முன்னணிதான், ஆனால் 90 பேர் பாக்கி.

இரண்டாவது, யாரும் திட்டமிடாதது. அதே புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசி இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று 2009-ல் இந்தியாவின் பல மையங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது, அம்பிளிக்கையும் ஒன்று. 2010-ல், ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த வேறொரு திட்டத்தைச் சுற்றிச் சர்ச்சை வெடிக்க, அரசு எல்லா ஹெச்பிவி ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்திவைத்தது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் ஆய்வை மூட்டை கட்டாமல் அவர்களையும் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு தவணையே 95 சதவீதம் பாதுகாத்திருந்தது! 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை போதும் என்று ஏற்றுக்கொண்டதில் இந்தச் சிறுமிகளின் கணக்குக்குப் பெரிய பங்கு. ஏழை நாடுகளுக்கு ஊசிச் செலவு பாதியாயிற்று. தமிழ்நாடு அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியருக்கு இந்த ஊசியை அறிவித்தது.

● உலக சுகாதார நிறுவனமே ஒரு காலத்தில் ஆய்வுகளை முறையாகத் தொகுத்துப் பார்க்காமல், நிபுணர்களைக் கூட்டிக் கேட்டே பரிந்துரைகளை எழுதியது. 2007-ல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை இதைப் போட்டு உடைத்தது. அதே ஆண்டில், நெறிமுறைகளைச் சரிபார்க்க நிறுவனம் தனிக் குழு அமைத்தது.

● காசநோய் வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கு வராமல் தடுக்க என்ன வழி? அரிசியும் பருப்பும்! ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் 10,345 பேரைச் சேர்த்து நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அதைத்தான் சொன்னது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினரோடு சேத்துப்பட்டு நிறுவனமும் இதில் பங்கு கொண்டது. நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பை. ஒரு பாதி வீடுகளில் குடும்பத்தினருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. குடும்பத்துக்கும் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு. முடிவு 2023 ஆகஸ்டில் வந்தது. காசநோயாளிக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. ஒன்றேகால் ஆண்டு. நல்ல வேகம்தான். ஆனால் ஆய்வு கொடுத்தது பை நிறைய உணவு, திட்டம் தருவது வங்கிக் கணக்கில் பணம், இரண்டும் ஒன்றல்ல.

● தமிழ்நாட்டில் 2022-லிருந்து ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ நடக்கிறது. சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து மாநில அரசு உருவாக்கியது. மாநில அளவில் இப்படி ஒன்று நாட்டிலேயே முதல். காசநோய் என்று தெரிந்த அன்றே ஊழியர் ஒரு சின்ன அட்டையில் ஐந்து விஷயம் குறிக்கிறார்: உயரத்துக்கேற்ற எடை, இரு கால்களிலும் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. எக்ஸ்ரே வேண்டாம், ரத்தம் வேண்டாம். மோசம் என்று தெரிந்தால் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்தில் நடப்பதால் இந்த அவசரம்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் இருமல் மருந்து பாட்டிலோடு திரும்பாதீர்கள். சளிப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். அரசு நிலையங்களில் அது இலவசம். காசநோய் உறுதியானால் எடையும் உயரமும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அரசு காசநோய்த் திட்டத்தின் நிக்ஷய் இலவச எண் 1800-11-6666.